வெள்ளையா, வெள்ளியா?

ஒரு டீயை இரண்டு கடைகளில் குடிக்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆரணியில் இருக்கிறார். முதல் கடையில் அரை டீ. சாலையைக் கடந்து எதிர்க்கடையில் இன்னொரு அரை டீ. பிறகு இரண்டு கடைகளுக்கும் நடுவில் நின்று, நாக்கை வாய்க்குள்ளேயே சுழற்றிக்கொண்டு, எது நன்றாக இருந்தது என்று யோசிப்பார். அந்த நேரம் பார்த்துச் சேவூர் போகும் டவுன் பஸ் பின்னால் வந்து ஹாரன் அடிக்கும். டிரைவருக்கும் அது பழகிப்போன விஷயம். "அண்ணே, எதுன்னு முடிவாச்சா, நான் போலாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் பார்த்தால் தெரியலாம். தெருவுக்கு அவர் ‘எதுக்கும்’. வெயில் மண்டையைப் பிளக்கும்போது குடையோடு கிளம்புவார், கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்." பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார்; கேட்டால், "எதுக்கும் இன்னொரு வாட்டி." கூரியர் கொண்டுவருகிறவர்கள்கூட "எதுக்கும் வீடு எதுங்க?" என்றுதான் வழி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் எதுக்கும் மாமா. எனக்கு எதுக்கும் அண்ணன்.

நான் அப்போது ஆரணியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணம் ஆகாதவன். வீடு தேடிக்கொண்டு போனபோது அவர் வீட்டு மாடி காலியாக இருந்தது. சாவியை எடுத்து வந்து திறந்து காட்டினார். எனக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் தருகிறேன் என்றேன்.

"இருங்க சார். எதுக்கும் அடுத்த தெருவுல ஒரு வீடு காலியா கீது. அங்க காத்து நல்லா வரும். அதையும் ஒரு வாட்டி பாத்துடுங்க" என்று என்னைத் தன் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே காற்று வந்தது உண்மைதான். தண்ணீர் வரவில்லை. அதையும் அவரே குழாயைத் திருகிக் காட்டினார். தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட அவருக்கு ஒரு முழுநாள் பிடித்தது. எனக்குத் தலை சுற்றியது. ஆனால் இந்த ஆளை நம்பிக் குடிவரலாம் என்றும் தோன்றியது.

அவர் பட்டுப் புடவைக் கடையில் சேல்ஸ்மேன். சேல்ஸ்மேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். அவர் விற்றதைவிட விற்காமல் தடுத்தது அதிகம். ஒருமுறை முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு பெரிய கூட்டம் வேன் பிடித்து வந்திருந்தது. பெண்ணுக்கு அரக்குச் சிவப்பு பிடித்துவிட்டது. அம்மாவுக்கும் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அக்காகூடத் தலையாட்டிவிட்டார். இதைவிட ஒரு கடைக்காரன் என்ன கேட்க முடியும்? நம்ம ஆள் புடவையை மடித்துக்கொண்டே, "எதுக்கும் அந்த மாம்பழ மஞ்சள ஒரு வாட்டி தோள்ல போட்டுப் பாத்துடும்மா" என்றார். போட்டுப் பார்த்தார்கள். அம்மா மஞ்சள் என்றார். அக்கா சிவப்பு என்றார். பெண் அழுதது. மத்தியானத்துக்குள் கல்யாணமே நடக்குமா என்கிற நிலைமை. காஞ்சிபுரத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

முதலாளி அவரை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை. ஒருநாள் கடைக்குப் போனபோது கேட்டேவிட்டேன். "அவர்கிட்ட பொடவ எடுத்தவங்க யாரும் மாத்தித் தரச் சொல்லித் திரும்பி வந்ததில்ல சார்" என்றார் முதலாளி. சற்று யோசித்துவிட்டு, "எடுக்கறவங்கதான் கம்மி" என்றும் சொன்னார்.

அவர் மனைவி மீனா இதற்கு நேர் எதிர். அந்த அம்மா கீரை வாங்குகிற வேகத்தில் நிலம் வாங்குவார். அவர்கள் கல்யாணமே அப்படித்தான் நடந்ததாம். பெண் பார்க்கப் போன இடத்தில் இவர், "எதுக்கும் வீட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்திருக்கிறார். மீனா காபி டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டே, "எனக்குப் புடிச்சிருக்குங்க, தேதி பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

இவர்களுக்கு ஒரே பெண், பவி. ஒன்றாம் வகுப்பு. மிட்டாயை மெல்ல மாட்டாள், கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கரைப்பாள். அதன் பலனாகக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் பொத்தல் விழுந்தது. சூடாக எது குடித்தாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் தெள்ளாரில் மீனாவின் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. உதவிக்கு மீனா கிளம்பினார். கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவரிடம் ஒரே ஒரு வேலை சொன்னார்.

"நான் வர்றதுக்குள்ள பாப்பா பல்ல அடைச்சு வைங்க."

பிறகு மாடிப்படியில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "நீங்களும் கூடப் போங்க சார். இவர் தனியா போனா வேலைக்காவாது" என்றார்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் அந்தப் பல் கிளினிக் இருந்தது. டாக்டர் இளம்பெண், படிப்பை முடித்துவிட்டு வந்து புதிதாகத் தொடங்கியிருந்தார். நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடுதான் எதையும் செய்ய வேண்டும் என்று நம்புகிறவர். நல்ல கொள்கை. ஆனால் அவர் அன்று யாரிடம் விளக்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

பவியின் வாயில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பால் பல்லுதாண்ணா. ஆனா கடைவாய்ப் பல்லு. தானா விழறதுக்கு இன்னும் நாலஞ்சு வருஷம் ஆவும். அதுவரைக்கும் மெல்றதுக்கு வேணும், கீழ வரப்போற பல்லுக்கு எடம் புடிச்சு வெக்கவும் வேணும். அதனால அடைச்சிடலாம். எத வெச்சு அடைக்கிறதுன்றத நீங்களும் தெரிஞ்சுக்கணும்."

"எத வெச்சா?" அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் ஒரு ஒளி வந்ததை நான் பார்த்தேன்.

"கிளாஸ் அயனோமர்னு ஒரு சிமென்ட். வெள்ளையா இருக்கும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பல்லுல ஒட்டிக்கும். பல்லு சொத்தையாவாம இருக்க ஃப்ளோரைடும் அதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வரும். ஆனா கெட்டி கம்மி. நாளாவ தேயும்."

"அப்ப கெட்டியா இருக்கறது?"

"காம்போசிட். அதுவும் பல்லு கலர்தான். கெட்டியா, அழகா இருக்கும். நீல லைட்டு அடிச்சு இறுக வெப்போம். ஆனா வெக்கும்போது எச்சில் படவே கூடாது. பாப்பா வாயத் தொறந்துகினு அசையாம இருக்கணும்."

"வேற?"

"முன்னாடியெல்லாம் வெள்ளி அடைப்பாங்க. ரொம்ப நாள் உழைக்கும். அதுல பாதரசம் இருக்கறதால சின்னப் பசங்களுக்கு நான் வெக்கிறதில்ல. அப்புறம் ஸ்டீல் கேப்பு. பல்லு மேல தொப்பி மாதிரி மாட்டிடலாம். பெரிய பொத்தலா இருந்தா அதுதான் நிக்கும். ஆனா வெள்ளிக் கலர்ல பளபளன்னு தெரியும்."

"இதுல எது டாக்டர் நல்லது?"

"எல்லாமே நல்லதுதாண்ணா. பொத்தலப் பொறுத்து, கொழந்தையப் பொறுத்து."

அந்த வாக்கியம் போதும். எதுக்கும் அண்ணனை அதோடு நாங்கள் இழந்துவிட்டோம். "எதுக்கும் யோசிச்சு சொல்றோம் டாக்டர்" என்று எழுந்துவிட்டார். படியிறங்கும்போதும் பவி வாயைத் திறந்தபடியே வந்தாள். மூடிக்கொள் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை விஷயம் இரண்டு டீக்கடைகளுக்கும் போய்விட்டது. இந்தக் கடையில் வெள்ளைக் கட்சி, எதிர்க்கடையில் வெள்ளிக் கட்சி. வெள்ளைக் கட்சிக்குள்ளேயே சிமென்ட் பிரிவு, லைட் பிரிவு என்று உடைந்தது. வெள்ளிக் கட்சியில் ஒருவர், தன் மச்சான் மகளுக்குத் தொப்பி போட்டதாகவும், போட்டோ எடுக்கும்போது அது கேமராவுக்கே பதில் ஃப்ளாஷ் அடிப்பதாகவும் சொன்னார். அது ஆதரவா எதிர்ப்பா என்று யாருக்கும் விளங்கவில்லை. நீல லைட்டு அடித்தால் பல் நீலமாகிவிடுமா என்று ஒருவர் கேட்டார். சிமென்ட் என்றால் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டாமா என்று ஒரு மேஸ்திரி கேட்டார்.

பவர்லூம் வைத்திருந்த ஒருவர்தான் அடிப்படையிலேயே கைவைத்தார். "விழப்போற பல்லுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? வாடக வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ற மாதிரி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே வாடகைக்கு இருந்தவன் நான் ஒருவன்தான்.

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "வாடகைக்கு இருக்கறவங்களும் வழுக்கி வுழக்கூடாது இல்லீங்களா?"

அன்று காலையிலேயே தெள்ளாரிலிருந்து மீனா போன் செய்தார். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் கைக்குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"இன்னாங்க, பல்ல அடைச்சாச்சா?"

"இல்ல மீனா, அதான் பேசிகினு கீறோம். வெள்ளையா வெள்ளியான்னு..."

"இன்னாது, கேக்கல."

"வெள்ளியான்னு கேட்டேன்."

"வெள்ளியா? சரி, வெள்ளியே வெச்சிடுங்க. நான் சனிக்கெழம காலைல வந்துர்றேன்." போன் வைக்கப்பட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். முகமெல்லாம் நிம்மதி. "பாத்தீங்களா சார், ஒரே நிமிஷம். வெள்ளின்னுட்டா."

நேராகக் கிளினிக்குக்குப் போனோம். "டாக்டர், வீட்ல வெள்ளியே வெக்கச் சொல்லிட்டாங்க."

"வெள்ளி நான் வெக்கிறதில்லைன்னு சொன்னேனேண்ணா."

"அப்ப அந்தத் தொப்பி?"

"இந்தப் பொத்தலுக்கு இப்ப அது வேணாம்."

அண்ணன் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடுவே நின்றார். மனைவி சொன்னதைச் செய்ய முடியாது. செய்ய முடிந்ததை மனைவி சொல்லவில்லை. வெகுநேரம் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் பல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"சரி, அப்ப வெள்ளைல ரெண்டு இருக்குதில்ல. எதுக்கும் மொதல்ல என் வாயில ரெண்டையும் வெச்சுடுங்க டாக்டர். மென்னு பாத்து எதுன்னு சொல்றேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பொத்தல் இல்லாத பல்லுல எப்டிண்ணா வெக்கிறது?" சிரித்துக்கொண்டே விளக்கை அவர் வாய்ப்பக்கம் திருப்பினார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இரண்டு சொத்தைகள் தயாராக இருந்தன.

"நீங்க எப்பவோ வந்திருக்கணும்ணா."

"எத வெச்சு அடைக்கிறதுன்னு தெரியாததால வரல" என்றார் அண்ணன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊசி என்றால் அவருக்கு ஆகாது. தடுப்பூசி முகாமில் முன்னால் நின்றவருக்குப் போட்ட ஊசியைப் பார்த்தே சாய்ந்துவிட்டவர் அவர். டாக்டர் மரத்துப்போக மருந்து ஏற்றியதும், தலைமாட்டில் நின்ற என் மணிக்கட்டைப் பிடித்தார். என் கைக்கடிகாரத்தின் வார் அறுந்தது. நெற்றியில் வேர்வை அருவியாக ஊற்றியது. ஆனாலும் வாயை மூடவில்லை. ஒரு பக்கம் இன்று, மறுபக்கம் அடுத்த வாரம் என்று டாக்டர் சொன்னதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரே நாள்ல வெச்சாத்தான டாக்டர் கம்பேர் பண்ண முடியும்?" என்று பாதி வாயால் கேட்டார். இடப்பக்கம் சிமென்ட், வலப்பக்கம் நீல லைட்டு என்று வேலை முடிந்தது.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனார். வாய் முழுக்க மரத்திருந்தது. உதடு தன்னுடையதா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்றே தெரியவில்லையாம். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வந்தவர்கள் ஒரு புடவையைக் காட்டி, "இது நல்லா இருக்கா?" என்று கேட்டார்கள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரப்பு விலகுவதற்குள் அவர் தன் வாழ்நாளில் விற்காத அளவுக்குப் புடவை விற்றிருந்தார். முதலாளி டாக்டரின் முகவரியைக் கேட்டதாகக் கேள்வி.

சாயங்காலம் ஆராய்ச்சி தொடங்கியது. முறுக்கு, பொரிகடலை, கெட்டிச் சீடை என்று நான் வாங்கி வந்து கொடுக்க, அவர் இடதில் கொஞ்ச நேரம், வலதில் கொஞ்ச நேரம் என்று கண்ணை மூடிக்கொண்டு மென்றார். பவி எதிரில் உட்கார்ந்து, விழுகிற துண்டுகளைத் தன் நல்ல பக்கத்தில் மென்றாள்.

"சிமென்ட்டு கொஞ்சம் சொரசொரன்னு கீது சார். லைட்டு வழவழன்னு இருக்குது." சரி, ஒரு முடிவு வருகிறது என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர், எதுக்கும் கண்ணால் ஒரு வாட்டி பார்த்துவிடலாம் என்று கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

வாயைப் பிளந்து பார்த்தார். முகம் மாறியது. "சார், கண்ணாடில எடது பக்கம் தெரியறது எனக்கு எடது பக்கமா, வலது பக்கமா?"

"எடதுதாண்ணே" என்றேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. "இல்ல, இருங்க. நான் பாக்குறேன்." எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். என் இடது அவருக்கு வலது. இரண்டும் வெள்ளை. டாக்டர் எந்தப் பக்கம் நின்றிருந்தார் என்று நினைவுபடுத்தப் பார்த்தோம். அவர் நாற்காலியில் மல்லாந்து கிடந்தார், நான் தலைமாட்டில் நின்றேன் என்பதால் விஷயம் இன்னும் சிக்கலானது. நான் தரையில் படுத்துக் காட்டினேன். அவர் என் தலைமாட்டில் நின்று பார்த்தார். பவி இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சுட்டி டிவி பார்க்கப் போய்விட்டாள். கடைசியில் எது சிமென்ட், எது லைட்டு என்று எங்கள் இருவருக்கும் அடியோடு தெரியாமல் போயிற்று. சொரசொரப்பு எது என்பதும் முறுக்குத் தூளில் மறைந்துவிட்டது.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "அண்ணே, டாக்டர் கிட்ட வுட்டுடுங்க. எதையோ ஒண்ண வெக்கட்டும். ஒரு பல்லுக்கு இவ்ளோ யோசிச்சா எப்படி?"

அவர் கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். மாட்டிவிட்டுத்தான் பேசினார்.

"பொடவன்னா அவங்களே பாத்து எடுத்துகினு போயிடறாங்க சார். புடிக்கலன்னா பொட்டில வெச்சுடுவாங்க. இது அவ வாயி. நான் ஒண்ணு சொல்லி, அத அவ வாயில வெக்கப்போறாங்க. தப்பாச்சுன்னா வலி எனக்கில்ல, அவளுக்கு. என் பல்லுன்னா நான் யோசிச்சே இருக்க மாட்டேன்."

நான் முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை காலை மீனா வந்து இறங்கினார். கையில் தங்கை வீட்டுக் கடலை உருண்டை. பவி ஓடிப்போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டு நறுக்கென்று கடித்தாள். அடுத்த கணம் அவள் போட்ட சத்தத்தில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

மீனா மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னாங்க இது, பொத்தல் அப்படியே கீது?"

"அதான் மீனா, வெள்ளி அந்த டாக்டர் வெக்கிறதில்லையாம்."

"எது, வெள்ளிக்கெழம லீவா?"

"கெழமையா?"

"வெள்ளிக்கெழம போறீங்கன்னுதான நான் சரி, வெள்ளியே வெச்சிடுங்கன்னேன். நேத்து முடிஞ்சிருக்கும்னு உருண்ட எடுத்தாந்தேன்."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பவி அழுகையை நிறுத்தவில்லை. நான் சுவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரு வாரம், மூன்று பெரியவர்கள். சிரிக்க வேண்டிய இடம்தான். குழந்தையின் கன்னத்தில் வழிந்த கண்ணீரைப் பார்த்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மீனாவும் பவியும் ஆட்டோவில் ஏற, அண்ணனை நான் என் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் உட்கார்ந்தவர் "ஜல்தி போங்க சார்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அவர் யாரையும் அவசரப்படுத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சின்ன எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். "நரம்புக்குக் கிட்டத்துல வந்துடுச்சு. இன்னும் தொடல. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தீங்கன்னா வேர் வரைக்கும் வைத்தியம் பண்ண வேண்டி வந்திருக்கும்."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்திருந்தார். இந்த முறை மரத்துப்போகவில்லை, வலித்திருக்கும்.

மீனா தன் இயல்புப்படி ஒரே வரியில் முடித்தார். "எத வெக்கணுமோ அத வெச்சு அடைச்சிடுங்க டாக்டர்."

ஆனால் டாக்டருக்கும் தன் இயல்பு இருந்தது. "நீங்களும் தெரிஞ்சுக்கணும்மா" என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினார். சிமென்ட், அதன் ஃப்ளோரைடு, அதன் தேய்மானம். காம்போசிட், அதன் கெட்டி, அதன் எச்சில் பகை. உடைந்தால் தொப்பி. நான் மீனாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. புருவம் சுருங்கியது. கீரை வாங்கும் வேகம் காணாமல் போயிற்று.

"அப்ப அது கெட்டின்றீங்க. ஆனா இதுல அந்த நல்லது வருதுன்றீங்க. எதுக்கும்..." என்று ஆரம்பித்தவர், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து தனியாகவே இருந்த ஊரில் திடீரென்று சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்தவர்போல இருந்தது அந்தப் பார்வை.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது யார் தெரியுமா? பவியின் எச்சில். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னதும் பயத்தில் அது ஊற்றாகச் சுரந்தது. பஞ்சு வைத்தார்கள், நனைந்தது. மாற்றினார்கள், அதுவும் நனைந்தது. உறிஞ்சும் குழாயைப் பார்த்தாலே தலையைத் திருப்பினாள். "இவ்ளோ ஈரத்துல காம்போசிட் நிக்காது. சிமென்ட்டே வெச்சுடறேன். அவளுக்கு இப்ப அதான் சரி" என்றார் டாக்டர். அத்தனை டீ, அத்தனை முறுக்கு, இரண்டு கட்சிகள், என் கடிகார வார், எல்லாம் ஒரு குழந்தையின் எச்சிலில் கரைந்தன.

பல்லைச் சுத்தம் செய்யும் கருவியின் ரீங்காரம் கேட்டதும் பவி வாயை இறுக்க மூடப் பார்த்தாள். அண்ணன் சட்டென்று தன் சுண்டு விரலை நல்ல பக்கப் பற்களுக்கு நடுவே கொடுத்தார். அவள் கடித்தாள். நன்றாகவே கடித்தாள்.

"அண்ணா, விரல எடுங்க. நான் வாய்க்கு முட்டுக் குடுக்க ரப்பர் வெச்சிருக்கேன்."

"இருக்கட்டும் டாக்டர். ரப்பர் அவளுக்குப் பழக்கமில்ல. நீங்க வேலையப் பாருங்க."

எந்த யோசனையும் இல்லை, எதிர்க்கடைக்குப் போய் வரவும் இல்லை. விரல் அங்கேயே இருந்தது. ஊசியைக் கண்டு மயங்கி விழுகிறவர் மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டு, "அவ்ளோதாண்டா, முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். முடிந்து எழுந்தபோது விரலில் பற்கள் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. மீனா அதைப் பார்த்தார். திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஈரமாக்கி விரலில் சுற்றினார்.

சிமென்ட் நன்றாகத்தான் இருந்தது. மறுவருடம் ஓரத்தில் தேய்ந்து உடைந்தது. டாக்டர் ஸ்டீல் தொப்பி மாட்டினார். பவி அதைப் பள்ளிக்கூடத்தில் காட்டிவிட்டு வந்து, யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் பல் தொப்பியோடு சேர்ந்து விழுந்தது. அதன் கீழிருந்து புதுப் பல் நேராக முளைத்தது. முதலில் வைத்தது வெள்ளை என்பதால் தாங்களே ஜெயித்ததாக ஒரு டீக்கடையும், கடைசிவரை நின்றது வெள்ளி என்பதால் தாங்களே ஜெயித்ததாக எதிர்க்கடையும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் இரண்டு கடையிலும் தலையாட்டிவிட்டு வருவார். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் மாற்றலாகித் திருச்சிக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆயிற்று. மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் அவள் கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஏசி போட்ட பெரிய மருத்துவமனை. டாக்டர் பார்த்தார், அடைத்தார், கையைக் கழுவினார். எதை வைத்தார் என்று நான் கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். குறை ஒன்றும் இல்லை, வேலை சுத்தம்.

மனைவி முன்னால் நடந்து போய்விட்டாள். மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். வண்டி நிறுத்தும் இடத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றேன். வேறு ஏதாவது வைத்திருக்கலாமோ, கேட்டிருக்கலாமோ என்று. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது. என் பிள்ளைக்காக, என்னோடு சேர்ந்து கொஞ்ச நேரம் குழம்புவதற்கு.